பிராம்சைப் பிடித்த பயம்

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 1833-ம் ஆண்டு பிறந்தவர் பிராம்ஸ். தந்தை வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர்.

1853-ல், பெரிய இசைமேதை சூமான் பத்திரிகையில் பிராம்சை வானளாவப் புகழ்ந்து எழுதினார். அப்போது பிராம்சுக்கு 20 வயது. புகழ்ச்சிதான். ஆனால் வாலிபரின் தலையில் அது பாரமாக ஏறிக்கொண்டது!

பல வாத்தியங்கள் சேர்ந்து முழங்கும் நீண்ட இசை, சிம்பொனி. அதில் சிகரத்தைத் தொட்டவர், 1827-ல் மறைந்த பீத்தோவன். தாம் எழுதினால் அவரோடு ஒப்பிடுவார்களே! பிராம்ஸ் நடுங்கினார். எழுதுவார்; குறை தெரியும்; அழித்துவிடுவார்.

1862-ல் சிம்பொனியின் முதல் பகுதியை, சூமானின் மனைவி கிளாராவுக்கு அனுப்பிக் காட்டினார். முழுவதும் முடிய மேலும் 14 வருடங்கள்!

1876 நவம்பரில் அது அரங்கேறியது. பிராம்சுக்கு 43 வயது.

பயந்தது நடந்தேவிட்டது. கடைசிப் பகுதியில் பீத்தோவனின் மெட்டுச் சாயல் இருக்கிறது என்றார்கள். அது யாருக்கும் தெரியக்கூடியதுதானே என்று பிராம்ஸ் அலட்சியமாகத் தள்ளிவிட்டாராம். தலை ஒன்றும் போய்விடவில்லை!

மறுவருடக் கோடையில், ஆஸ்திரியாவில் ஓர் ஏரிக்கரைக் கிராமத்தில் தங்கி 2-வது சிம்பொனியைத் தொடங்கினார். சில மாதங்களிலேயே முடித்துவிட்டார். பிறகு இன்னும் இரண்டு.

குறை பார்க்கும் குணம் மட்டும் போகவில்லை. 1890-ல்கூட, பிடிக்காத தாள்களைக் கிழித்து ஆற்றில் போட்டார்.