ஜாகிர் உசேனின் வாழ்வும் குடிமைக் கல்விச் சிந்தனையும்

முன்னுரை

குடிமைப் பண்பைத் தனிப்பாடமாகக் கற்பிப்பதா, எல்லாப் பாடங்களின் வழியும் வளர்ப்பதா என்னும் வினா கல்வியியலில் இன்றும் நிலவுகிறது. இரண்டாம் நெறியைத் தேர்ந்து, அதற்குப் பாடத்திட்ட வடிவம் தந்தோருள் முதன்மையானவர் இந்தியக் குடியரசின் மூன்றாம் தலைவர் ஜாகிர் உசேன் ஆவார்.

வாழ்வும் கல்விப்பணியும்

ஐதராபாத்தில் 1897-இல் பிறந்த இவர் இளமையிலேயே பெற்றோரை இழந்தார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது அலிகார்க் கல்லூரியை விட்டு நீங்கி, 1920-இல் ஜாமியா மில்லியா நிறுவனம் தோன்றத் துணைநின்றார். பெர்லினில் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றபின் 1926-இல் நாடு திரும்பி, பொருள்முடையால் நலிந்திருந்த அந்நிறுவனத்தின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். உழைப்பின் வழியே குடிமகனை உருவாக்க முனைந்த செருமானியக் கல்வியாளர் கெர்ஷென்ஸ்டைனரின் சிந்தனை இவரை ஈர்த்தது.

காந்தியடிகள் கூட்டிய வார்தா கல்வி மாநாடு 1937 அக்டோபரில் அமைத்த குழுவிற்கு இவர் தலைவரானார். யாழ்ப்பாணத்தவரான ஆரியநாயகமும் தமிழரான ஜே. சி. குமரப்பாவும் அதில் இடம்பெற்றனர். 7 முதல் 14 வயது வரையிலான மாணவர்க்கு அக்குழு வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தில் கைத்தொழில் நடுவிடம் பெற்றது. நூற்பின் கணக்கு கணிதத்திற்கும், பருத்தி விளைச்சல் அறிவியலுக்கும், துணி வணிகத்தின் வரலாறு சமூகப் பாடத்திற்கும் வாயிலாகலாம். ஊர்க்கூட்ட நடவடிக்கைகளை எழுதும் திறன் தாய்மொழிப் பாடத்தின் பயனாகக் கருதப்பட்டது. இவ்வாறு ஒவ்வொரு பாடமும் குடிமைப் பயிற்சிக் களமாயிற்று.

திட்டத்தின் இடர்

மாணவர் உற்பத்தியின் வருவாயே நோக்கமாகிக் கல்விக்குறிக்கோள் பின்தள்ளப்படலாம் என்பதை அறிக்கையே முன்னுணர்ந்து எச்சரித்தது. அவ்வச்சம் பல பள்ளிகளில் மெய்யாயிற்று. கைத்தொழில் சடங்காயிற்று; பாடங்களோடு அதற்கிருந்த இணைப்பு அறுந்தது. தாம் தலைமையேற்று உருவாக்கிய திட்டம் நடைமுறையில் சிதைந்ததைப் பிற்காலத்தில் இவர் வெளிப்படையாகவே கண்டித்தார். தம் படைப்பின் குறையை மறைக்காத இந்நேர்மையும் குடிமைப் பண்பின் ஒரு கூறே எனலாம்.

அக்குழுவில் இருந்த சையிதைன், இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-இல் அமைந்த இடைநிலைக் கல்வி ஆணையத்திலும் உறுப்பினரானார். மக்களாட்சிக் குடிமகனை உருவாக்குவதை இடைநிலைக் கல்வியின் நோக்கங்களுள் ஒன்றாக அவ்வாணையம் முன்வைத்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

முடிவுரை

குடியரசுத் தலைவர் பொறுப்பிலிருந்தபோதே 1969 மே 3 அன்று மறைந்த ஜாகிர் உசேன், தாம் வளர்த்த ஜாமியா வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பாடத்திட்டத்தில் எழுதப்படும் இணைப்பு, அதை உணர்ந்து கற்பிக்கும் ஆசிரியரின்றி உயிர்பெறாது என்பதே இவர் பட்டறிவு உணர்த்தும் உண்மையாகும்.