ஸர் தி. முத்துஸாமி ஐயர்

காவிரியும் அதன் கிளையாறுகளும் பாய்ந்து வளஞ்செய்யும் தஞ்சை நாடு நெல்லுக்கு மட்டுமன்றி அறிஞர்க்கும் விளைநிலமாகும். 1869-ஆம் ஆண்டில் வலங்கைமான் என்னும் ஊர் நாவன்மை மிக்க ஸ்ரீநிவாஸ சாஸ்திரியாரை ஈன்றளித்தது. அதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே, அந்நாட்டு உச்சுவாடிக் கிராமத்தில் தோன்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாய் உயர்ந்தவர் முத்துஸாமி ஐயர். சட்டம் பயின்று நீதிமன்றத்தில் பணி நாடும் நம் மாணவர்கள் அவர் சரிதத்தை அறிந்திருத்தல் நலம்.

1832-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஏழைக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பம் திருவாரூரை அடைந்தது. வயிற்றுப்பாட்டிற்காகக் கிராமக் கணக்கர் ஒருவரிடம் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் உதவியாளராய் அமர்ந்தார். மகன் கற்றுத் தேற வேண்டுமென்று ஓயாது விழைந்த தாயும் சில காலத்தில் மறைந்தார்.

அக்காலத்தில் தாசில்தாராயிருந்தவர் முத்துஸாமி நாயக்கர். வெள்ளத்தால் ஆற்றங்கரை உடைப்பெடுத்த செய்தி ஒருநாள் கச்சேரிக்கு எட்டியதென்றும், விவரமறிந்தவர் எவரும் அங்கில்லாதபோது இச்சிறுவரே சென்று பார்த்துப் பிழையற்ற அறிக்கையொன்றைக் கொணர்ந்தாரென்றும் கூறுவர். குணமறிந்த நாயக்கர் அவரைக் குமாஸ்தா வேலையிலேயே நிறுத்திவைத்துப் பயன்கொள்ள எண்ணவில்லை. நாகப்பட்டினத்து மிஷன் பள்ளியில் ஆங்கிலம் பயிலச் செய்து, பின்னர்ச் சிபார்சுக் கடிதத்துடன் சென்னைக்கு அனுப்பினார்.

சென்னையில் பவல் துரையென்னும் பேராசிரியரின் அன்புக்கு அவர் பாத்திரரானார். 1854-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கட்டுரைக்குரிய எல்பின்ஸ்டன் பரிசாகிய 500 ரூபாயைப் பெற்றார். சிறிது காலம் ஆசிரியராகவும், தஞ்சைக் கலெக்டர் கச்சேரியில் பதிவேடு காப்பவராகவும், பின்பு பள்ளிகளின் உதவி இன்ஸ்பெக்டராகவும் பணியாற்றினார்.

அந்நாளில் அரசாங்கத்தார் வக்கீல்களுக்கெனப் புதிதாய் ஒரு பரீட்சையை ஏற்படுத்தினர். கும்பகோணத்தில் அதனை எழுதிய முத்துஸாமி ஐயர் மாகாணத்திலேயே முதல்வராய்த் தேறினார். தரங்கம்பாடி ஜில்லா முன்சீப் பதவி அவரை வந்தடைந்தது. பின்னர் உதவிக் கலெக்டராகவும், 1865-இல் மங்களூரில் ஸதர் அமீனாகவும், 1868 முதல் சென்னையில் மாஜிஸ்டிரேட்டாகவும் அமர்ந்தார். பதவி வகித்துக்கொண்டே சட்டம் பயின்று பட்டமும் பெற்றார். ஆசனத்தில் அமர்ந்து தீர்ப்புக் கூறுபவர் மீண்டும் மாணவராகி ஏடு திறந்ததில் அவர் குறைவு காணவில்லை.

1878-ஆம் ஆண்டில் அவர் உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமனம் பெற்றார். இந்தியர் ஒருவருக்கு அவ்விடமா என்று ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகள் சினந்தெழுதின. அதற்கு விடையளிக்க நம்மவர் கையில் ஏற்ற பத்திரிகை இல்லாமை கண்டு, திருவல்லிக்கேணியைச் சார்ந்த ஆறு இளைஞர் கடன் வாங்கிய பணத்தைக் கொண்டு அவ்வாண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் ஹிந்து பத்திரிகையைத் தொடங்கினர். முதலிதழ் 80 பிரதிகளே. நீதிபதியோ தம் தீர்ப்புகளாலேயே விடையிறுத்தார். 1893-இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாயும் பணிபுரிந்து, 1895-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் காலமானார். வெறுங்காலுடன் விளங்கும் அவரது சலவைக்கற் சிலையைச் சென்னை உயர் நீதிமன்றத்திற் காணலாம்.

மாணவ நண்பர்காள்! இக்காலத்தில் சட்டம் முடித்த இளைஞர் நீதிபதிகளுக்கு உதவியாய் அமர்ந்து, வழக்குக் கட்டுகளைப் படித்துக் குறிப்பெழுதிப் பழகும் சட்ட எழுத்தர் பணிகள் உள்ளன. உச்ச நீதிமன்றத்தில் இத்தகைய பணிக்கு விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, நேர்முகம் ஆகிய வழிகளில் ஆட்கள் தெரிந்தெடுக்கப்படுகின்றனர். வாயில் திறந்துள்ளது, எனினும் அது திறந்துள்ளமையே அறியாத கிராமத்து மாணவர் பலர்.

சிபார்சுக் கடிதம் முத்துஸாமி ஐயரைச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தது. பரீட்சையில் முதன்மையை அவரே தேடிக்கொண்டார். ஆயினும் அக்கடிதம் இன்றேல் அப்பரீட்சைக்கு அவர் வந்திருப்பாரா என்பது ஐயமே. ஆதலின் விண்ணப்பிக்கும் மாணவர், சிறிய குறிப்பையும் உடைப்பெடுத்த கரையை நேரிற் கண்டு எழுதியதுபோல் பிழையற எழுதப் பழகுக. ஆசிரியரும், நீதிமன்றங்களிற் பணிபுரியும் பழைய மாணவரும் அறிவிப்பு வருங்காலத்தை இளையோர்க்கு உணர்த்துக. அவர்தம் விண்ணப்பத்தை ஒருமுறை படித்துத் திருத்தித் தருக. நாயக்கரைப் போன்ற ஒருவரைக் காணாமலே கணக்கரிடம் உதவியாளராய் முடிந்துபோன சிறுவர் எத்தனையோ பேர். அவர் தொகை இனியேனும் குறைக.