மரியா மாண்டிசோரி: அலைபாயும் மனங்களின் மருத்துவர்

புலம்பெயர்ந்த நாட்டில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுப்பவர்களில் நானும் ஒருத்தி. ஐந்து நாள் பள்ளியில் களைத்த பிள்ளைகள் ஆறாம் நாள் நம்மிடம் வருகிறார்கள். ஒருவனுக்கு நாற்காலியில் இருப்பே கொள்ளாது. இன்னொருத்தி பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில் பென்சிலைத் தொடவே தயங்குவாள். இவர்களைக் கவனிக்க வைப்பது எப்படி என்ற கேள்விதான் என்னை மரியா மாண்டிசோரியின் வாழ்க்கையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. நம்மில் பலருக்கு அவரது பெயர் மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் மட்டுமே அறிமுகம்.

இத்தாலியில் அங்கோனாவுக்கு அருகிலுள்ள கியாராவல்லே என்ற சிற்றூரில் 1870 ஆகஸ்ட் 31 அன்று பிறந்தார். 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் அவரே என்று பலரும் எழுதுவதுண்டு. ஆனால் அவருக்கு முன்பே அங்கு சில பெண்கள் மருத்துவராகியிருக்கிறார்கள். பல்கலைக்கழக மனநோய்ப் பிரிவில் பணியாற்றியபோது, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்டு வெறும் அறைகளில் அடைபட்டுக் கிடந்த குழந்தைகளை அவர் கண்டார். தொடவோ, பிடிக்கவோ, செய்யவோ அவர்களுக்கு எதுவுமில்லை. இவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே முதல் தேவை என்ற முடிவுக்கு வந்தார். இத்தார், செகுவேன் ஆகிய பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். கையால் தொட்டும் பொருத்தியும் கற்கும் கருவிகளை உருவாக்கினார். அவரிடம் படித்த அக்குழந்தைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வும் எழுதினர். எல்லோரும் வியந்து பாராட்டினார்கள். அவருக்கோ வேறொரு கவலை. இவர்களால் இவ்வளவு முடியுமென்றால், நலமான பிள்ளைகளை நம் பள்ளிகள் எந்த அளவுக்கு முடக்கி வைத்திருக்கின்றன?

விடை தேடும் வாய்ப்பு 1907 ஜனவரி 6 அன்று கிடைத்தது. ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவில், பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவர்களையும் படிகளையும் பாழாக்கி வந்தனர். அவர்களை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி கட்டட உரிமையாளர்கள் மாண்டிசோரியைக் கேட்டுக்கொண்டார்கள். முதல் நாளில் வந்தவர்கள் அழுகையும் மிரட்சியுமாக நின்ற சின்னஞ்சிறு பிள்ளைகள். அன்றைய பள்ளிகளில் அசைய முடியாதபடி நெருக்கிப் போட்ட பெஞ்சுகள்தாம் வழக்கம். அவர் குழந்தைகளே தூக்கி நகர்த்தக்கூடிய இலேசான மேசை நாற்காலிகளைச் செய்வித்தார். அசைவை அடக்குவதால் கவனம் வராது. அசைவுக்கு ஒரு வேலை கொடுத்தால் வரும் என்பது அவரது கணிப்பு.

அங்கே நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி அவரது ஆய்வுக்கே திசை காட்டியது. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையின் துளைகளில் வெவ்வேறு அளவுள்ள உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். மாண்டிசோரி மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் பாடவும் நடக்கவும் செய்தார். சிறுமி நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவளோ உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கும் மேல் திரும்பத் திரும்பச் செய்து, பின் தானாகவே நிறுத்தினாள். அப்போது அவள் முகத்தில் களைப்பில்லை. நன்றாக உறங்கி எழுந்த தெளிவு இருந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கருவியின் அமைப்பு. தவறான துளையில் வைத்தால் கடைசி உருளைக்கு இடமிருக்காது. பிழையைப் பொருளே காட்டிவிடுகிறது. ஆசிரியர் முகம் சுளிக்கத் தேவையில்லை. பயந்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் என்ன இருக்க முடியும்? இப்போது என் வகுப்பில் உயிர்மெய் எழுத்துகளை அட்டைகளில் வெட்டி, பொருத்திப் பார்க்கக் கொடுக்கிறேன். ஒரு பிள்ளை ஆழ்ந்துவிட்டால், பாராட்டக்கூடக் குறுக்கே போவதில்லை. எல்லா அமைதியின்மையும் இதனால் தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். மருத்துவ உதவி தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு.

குழந்தைகளைப் பற்றி உலகுக்குச் சொன்னவர் தம் மகன் மரியோவைத் தாமே வளர்க்க இயலவில்லை. 1898இல், மணவாழ்வுக்கு வெளியே பிறந்த அவன் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்ந்தான். தம் தாயார் இறந்த பின்னரே அவனைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். அதன் பிறகும் நெடுங்காலம் உறவினன் என்றே ஊராரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அரசியலும் அவரைச் சோதித்தது. 1924 முதல் முசோலினியின் ஆதரவை ஏற்றார். அவ்வுறவு கசந்து 1934இல் இத்தாலியை விட்டு வெளியேறினார். 1936இல் உள்நாட்டுப் போர் அவரை ஸ்பெயினிலிருந்தும் விரட்டியது.

1939இல் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியரின் ஏற்பாட்டில் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு வந்து, ஆசிரியர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். சில மாதங்கள் தங்குவதாகத்தான் எண்ணம். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு மரியோவைக் காவலில் வைத்தது. அவருடைய 70ஆவது பிறந்த நாளையொட்டி விடுவித்தது. பின்னர் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார். 1946 வரை நீண்ட அந்த இருப்பில், இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர். இங்கு அவர் ஆற்றிய உரைகளிலிருந்து உருவான ஒரு முக்கிய நூல் 1949இல் முதன்முதலாகச் சென்னையில்தான் அச்சேறியது.

1952 மே 6 அன்று, ஹாலந்தின் கடலோர ஊரான நூர்ட்வைக்கில், 81ஆவது வயதில் காலமானார். அவரது உடலும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. நாடு நாடாக அலைய நேர்ந்த ஒருவர், ஓர் உருளையின் முன் நிலைகொண்ட குழந்தையின் கவனத்தைத் தம் வாழ்நாள் முழுதும் காவல் காத்தார். கவனம் ஆசிரியர் கேட்டு வாங்கும் பொருளல்ல, பிள்ளையிடம் தானே முளைப்பது. நம் வேலை அதை மிதிக்காதிருப்பது. அவர் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்.