வளரிளம் பெண்களுக்காக வாதாடியவர்

பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தை அடுத்த மாகறலில் வாழும் எனக்கு, சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடிக்கடி நினைவுக்கு வருகிறார்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பூப்பெய்தியதும் பள்ளிப்படிப்பு தடைபட்டது. வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேஷன் தேறினார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரானார்.

மருத்துவர் என்பதால், இளவயது மணத்தைச் சம்பிரதாயப் பிரச்சினையாக மட்டும் அவர் பார்க்கவில்லை. முதிராத உடல் தாய்மையைச் சுமப்பதன் கேட்டை அறிந்திருந்தார். பெண்ணின் மணவயதை உயர்த்தப் பாடுபட்டார். 1929-இல் வந்த சாரதா சட்டம் அதை 14 ஆக்கியது. 1930-இல் ஆதரவற்ற சிறுமியருக்காக அவ்வை இல்லத்தை நிறுவினார். பொட்டுக்கட்டும் வழக்கம் 1947-இல் சட்டப்படி ஒழிந்தது. 1968-இல் அவர் மறைந்தார்.

ஏழைக் கர்ப்பிணிகளுக்கான தமிழக அரசின் நிதியுதவித் திட்டம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. பொருத்தமே. ஆயினும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. கருவுற்ற பின் தரும் உதவி, பொருளியல் கற்பித்தவன் கணக்கில், காலம் தாழ்ந்த முதலீடு. சத்தான உணவும், இரும்புச்சத்து மாத்திரையும், தடைபடாத படிப்பும் பதின்ம வயதிலேயே கிட்ட வேண்டும். அப்போதுதான் அத்திட்டம் அவர் பெயருக்கு முழுத் தகுதி பெறும்.