குப்பை ரயில் பாதையிலிருந்து அரசியல் நிர்ணய சபை வரை: தொண்டையே தொழிலாக ஏற்ற தக்கர் பாபா

புதுடெல்லி, நவ. 29: வெள்ளம், பஞ்சம் போன்ற இடர்க் காலங்களில் மட்டும் நீளும் உதவிக்கரமாக இருந்த சமூகத் தொண்டை, ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் தங்கிச் செய்யும் முழுநேரப் பணியாக மாற்றிய முன்னோடிகளுள் ஒருவர் அம்ருத்லால் விட்டல்தாஸ் தக்கர். தக்கர் பாபா என்று நாடறிந்த அவரது பிறந்தநாள் நவம்பர் 29. பொறியாளர் பதவியை 44-ஆவது வயதில் துறந்த அவர், எஞ்சிய 37 ஆண்டுகளையும் பஞ்ச நிவாரணம், தீண்டாமை ஒழிப்பு, பழங்குடியினர் நலம் ஆகியவற்றிற்கே அளித்தார்.

குஜராத்தின் பாவ்நகரில் 1869-ஆம் ஆண்டு லோகானா சமூகக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி போர்பந்தரில் பிறந்தவர் மகாத்மா காந்தி. இருவருக்கும் இடையே இரண்டு மாத வயது வேறுபாடுகூட இல்லை. காந்தியை நாடு பாபு என்று அழைத்ததைப் போலவே, தக்கரைத் தந்தை எனப் பொருள்படும் குஜராத்திச் சொல்லால் மக்கள் அழைத்தனர். அச்சொல்லே தமிழில் பாபா என வழங்குகிறது.

புனே பொறியியல் கல்லூரியில் பயின்று 1890-ஆம் ஆண்டு கட்டுமானப் பொறியாளராக வெளிவந்த தக்கர், கத்தியவார் பகுதியின் ரயில் பாதைப் பணிகளிலும் போர்பந்தர் சமஸ்தானத்திலும் பணியாற்றினார். பின்னர் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறி, அப்போது அமைக்கப்பட்டு வந்த உகாண்டா ரயில்வேயில் சேர்ந்தார். பெயர் உகாண்டா என்றாலும் அப்பாதையின் பெரும்பகுதி இன்றைய கென்யாவில்தான் அமைந்துள்ளது. இந்தியாவிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர்களின் உழைப்பில் உருவான பாதை அது. தாயகம் திரும்பியபின் சாங்லி சமஸ்தானத்தில் சில காலம் பணிபுரிந்து, அதன்பின் பம்பாய் மாநகராட்சியில் சேர்ந்தார்.

அங்கு அவருக்கு ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, மாநகரின் குப்பையை ஊருக்கு வெளியே ஏற்றிச் செல்லும் சிறு ரயில் பாதைகளைப் பராமரிப்பது. தண்டவாளத்தைப் பார்வையிடச் செல்லும் பொறியாளர், அதன் ஓரத்தில் குடியிருக்கும் துப்புரவுத் தொழிலாளர்களையும் பார்க்க வேண்டியிருந்தது. நகரைச் சுத்தம் செய்வோர் நகரின் கழிவுக்கு நடுவிலேயே வாழ்ந்தனர். குடிசைகளில் கழிவுநீர் வடிய வழியில்லை. கூலி கைக்கு வருமுன்பே வட்டிக்காரரிடம் சென்று சேர்ந்தது. பணியிடங்களில் சாதியின் சுவர் தண்டவாளத்தைவிட உறுதியாக இருந்தது. அவர்களின் குழந்தைகளுக்குப் பள்ளி அமைக்கவும், பெரியவர்களைக் கடனிலிருந்து மீட்கக் கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்தவும் தக்கர் முயன்றார். அலுவலகப் பணி முடிந்து எஞ்சும் நேரத்தில் செய்யக்கூடிய வேலை அல்ல இது என்ற முடிவுக்கு அவர் வந்தது இக்காலத்தில்தான்.

கோபால கிருஷ்ண கோகலே 1905-ஆம் ஆண்டு புனேயில் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கம் அவருக்கு வழிகாட்டியது. அதில் சேருவோர் ஏழு உறுதிமொழிகளை ஏற்க வேண்டும். தனக்கெனப் பொருள் ஈட்டக் கூடாது. சங்கம் தரும் சிறு தொகையில் குடும்பம் நடத்த வேண்டும். 1914 பிப்ரவரியில் மாநகராட்சிப் பதவியை விட்டு விலகித் தக்கர் அதில் இணைந்தார். அடுத்த ஆண்டே கோகலே மறைந்துவிட்டார். ஆசானிடம் பயிலக் கிடைத்த காலம் ஓராண்டு மட்டுமே.

இதன்பின் நாட்டில் எங்கு பஞ்சம் என்றாலும் தக்கர் அங்கு அனுப்பப்பட்டார். குஜராத், கட்ச் பகுதிகளில் வறட்சி நிவாரணம், ஜாம்ஷெட்பூரில் ஆலைத் தொழிலாளர் நலப் பணி ஆகியவற்றைத் தொடர்ந்து 1920-ஆம் ஆண்டு ஒடிசாவின் புரி மாவட்டத்துக்குச் சென்றார். அங்கு நிலவிய பட்டினியின் கொடுமையை நேரில் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தவர்களுள் அவரும் ஒருவர். கிராமங்களைச் சுற்றிப் பார்த்து, எத்தனை பேருக்கு எவ்வளவு தானியம் தேவை என்று கணக்கிட்டு, அதன்பின் நிதி கேட்பது அவர் முறை. பொறியாளருக்கு உரிய இந்தப் பழக்கம் இறுதிவரை அவரை விடவில்லை. இன்று பேரிடர் நிவாரணத்தில் முதல் படியாகக் கருதப்படும் தேவை மதிப்பீட்டை, அப்பெயர் புழக்கத்துக்கு வருமுன்பே அவர் செய்தார் எனலாம்.

அவரது வாழ்க்கையின் திருப்புமுனை குஜராத்தின் பஞ்ச மகால் மாவட்டம். 1920-களின் தொடக்கத்தில் அங்கு மழை பொய்த்தது. நிவாரணப் பணிக்குச் சென்ற தக்கர், பில் பழங்குடியினரின் வறுமைக்குக் காரணம் அந்த ஓராண்டு வறட்சி மட்டும் அல்ல என்பதைக் கண்டார். கந்துவட்டி, சாராயம், வனத்துறையினரின் கெடுபிடி, எழுத்தறிவின்மை ஆகிய நான்கும் மழை பெய்த ஆண்டுகளிலும் அவர்களை விடவில்லை. தானியம் பகிர்ந்துவிட்டுத் திரும்பினால் அடுத்த வறட்சிக்கு மீண்டும் வர வேண்டியிருக்கும். ஆகவே அவர் திரும்பவில்லை. 1922-ஆம் ஆண்டு தாகோதில் பில் சேவா மண்டலத்தை நிறுவி, ஏறத்தாழ பத்தாண்டுகள் அதன் பணிகளில் ஆழ்ந்திருந்தார்.

இந்திய ஊழியர் சங்கத்தைப் போன்றே இந்த மண்டலத்திலும் இளைஞர்கள் நீண்டகால உறுதிமொழி ஏற்றுச் சேர்ந்தனர். சில வாரங்கள் வந்து போகும் தொண்டர்களைக் காட்டிலும், பில் மொழியைப் பேசக் கற்று அங்கேயே வாழத் துணிந்தவர்களையே தக்கர் தேடினார். மிராகேடி உள்ளிட்ட ஊர்களில் ஆசிரமப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. சிதறிய குடியிருப்புகளில் வாழும் குழந்தைகள் நாள்தோறும் நடந்து வர இயலாது என்பதால், தங்கி உண்டு படிக்கும் வகையில் அவை அமைந்தன. பழங்குடிப் பகுதிகளில் இன்று பல மாநில அரசுகள் நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு இவை முன்மாதிரிகளுள் அடங்கும்.

பூனா ஒப்பந்தத்துக்குப் பின் 1932 செப்டம்பர் இறுதியில் தீண்டாமை ஒழிப்புக்கென அகில இந்திய அமைப்பு ஒன்று உருவானது. பின்னாளில் ஹரிஜன சேவக சங்கம் என்று பெயர் பெற்ற அதன் தலைவராக கன்ஷியாம் தாஸ் பிர்லாவும், பொதுச் செயலாளராகத் தக்கரும் பொறுப்பேற்றனர். ஹரிஜன் என்னும் சொல்லை இன்று அரசு ஆவணங்கள் தவிர்க்கின்றன. அச்சொல்லை ஏற்க மறுத்த குரல்கள் அக்காலத்திலேயே எழுந்துவிட்டன.

சங்கத்தின் அணுகுமுறை குறித்த மிகக் கடுமையான கேள்வியும் தொடக்கத்திலேயே தக்கரின் மேசைக்கு வந்தது. அதை எழுப்பியவர் டாக்டர் அம்பேத்கர். மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் செல்லும் வழியில், 1932 நவம்பரில் கப்பலிலிருந்தே தக்கருக்கு அவர் நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். மதுவிலக்கு, நூலகம், உடற்பயிற்சிக் கூடம், பள்ளி என்று தனிமனிதரைச் சீர்திருத்தும் பணிகளில் மட்டும் கவனம் செலுத்தினால் போதாது. பொதுக் கிணறு, பள்ளிச் சேர்க்கை, ஊர்ப் பொதுவிடம், போக்குவரத்து ஆகியவற்றில் குடியுரிமையை நிலைநாட்ட நாடு முழுவதும் இயக்கம் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். ஒடுக்கப்பட்டோரிடமிருந்தே ஊழியர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். அக்கடிதம் கிடைத்ததற்கான ஒப்புதல்கூட வரவில்லை என்று அம்பேத்கர் பின்னாளில் பதிவு செய்தார், சங்கத்திலிருந்தும் விலகினார். தீண்டாமை என்பது சாதி இந்துக்கள் தீர்க்க வேண்டிய பாவக்கடன் என்ற காந்தியின் நிலைப்பாட்டிலேயே சங்கம் தொடர்ந்தது. தக்கரின் வாழ்க்கையைப் போற்றி எழுதப்படும் குறிப்புகளில் இந்தக் கடிதம் அரிதாகவே இடம்பெறுகிறது. அவரது பணியின் எல்லையை அறிய அது அவசியமானது.

1933 நவம்பரில் வார்தாவிலிருந்து காந்தி தொடங்கிய தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின் ஏற்பாடுகளைக் கவனித்தவரும் தக்கரே. ஒன்பது மாதங்களில் சுமார் 12,500 மைல் தொலைவு கடந்த அப்பயணத்தில் ஏறத்தாழ 8 லட்சம் ரூபாய் நிதி திரண்டது. 1934-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழகமும் அதன் பாதையில் இருந்தது. பல ஊர்களில் சனாதனிகள் கறுப்புக் கொடி காட்டினர். கூட்டங்களுக்கு நடுவே ரயில் நேரம், தங்குமிடம், வசூல் கணக்கு ஆகியவற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்த செயலாளருக்கு அப்போது வயது 64.

பழங்குடியினர் குறித்த அவரது கருத்துகளும் விவாதத்துக்கு உள்ளாயின. மானிடவியலாளர் வெரியர் எல்வின், வெளியார் தலையீட்டால் பழங்குடிப் பண்பாடு அழிவதாகக் கவலைப்பட்டு, அவர்களுக்குப் பாதுகாப்பான தனி வாழ்வு வேண்டும் என்றார். சமூக ஊழியர்கள் தங்கள் ஒழுக்க நெறிகளைப் பழங்குடியினர் மீது சுமத்துவதாகவும் அவர் குறைகூறினார். 1941-ஆம் ஆண்டு புனேயில் ஆற்றிய சொற்பொழிவில் தக்கர் இதற்கு மாறான நிலையை எடுத்தார். ஒதுக்கி வைப்பது வறுமையையும் ஒதுக்கி மறைப்பதாகிவிடும் என்பதால், நாட்டின் பொதுவாழ்வில் அவர்களுக்குப் பங்கு வேண்டும் என்பது அவர் வாதம். இரு தரப்பின் அச்சத்திலும் உண்மை இருந்ததைப் பிற்கால அனுபவம் காட்டியுள்ளது.

1943-44 பஞ்சத்தின்போது வங்காளத்திலும் ஒடிசாவிலும் நிவாரணப் பணியாற்றிய தக்கர், கஸ்தூர்பா காந்தி நினைவு அறக்கட்டளையின் செயலாளர் பொறுப்பையும் சுமந்தார். 1946 இறுதியில் நவகாளிக் கலவரத்தால் பாதிக்கப்பட்டோரிடையே, ஹைம்சாரை மையமாகக் கொண்டு பணியாற்றச் சென்றபோது அவருக்கு வயது 77.

அந்த வயதிலேயே மற்றொரு பெரும்பணி அவரிடம் வந்தது. அரசியல் நிர்ணய சபை, அசாம் தவிர்த்த ஏனைய மாகாணங்களின் பழங்குடிப் பகுதிகளை ஆராய அமைத்த துணைக் குழுவுக்கு அவர் தலைவரானார். ஜெய்பால் சிங் முண்டா அதில் உறுப்பினராக இருந்தார். அசாமுக்கான குழுவுக்கு கோபிநாத் பர்தோலாய் தலைமை வகித்தார். குழுவினர் பல மாகாணங்களுக்கு நேரில் சென்று விசாரித்து 1947-ஆம் ஆண்டு அறிக்கை அளித்தனர். அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணை உருவாக அது அடித்தளமானது. பஞ்ச மகாலில் தொண்டர்கள் கெஞ்சிப் பெற வேண்டியிருந்த நிலப் பாதுகாப்பும் கந்துவட்டிக் கட்டுப்பாடும் இப்போது ஆளுநர் விதிமுறை வகுக்கக்கூடிய பொருள்களாக மாறின. கருணையால் மட்டும் முடியாதது சட்டத்தால் முடியும் என்ற இடத்துக்கு அவரது பயணமும் வந்து சேர்ந்திருந்தது.

1948 அக்டோபர் 24-ஆம் தேதி ராஜேந்திர பிரசாத்தைத் தலைவராகக் கொண்டு பாரதிய ஆதிம ஜாதி சேவக சங்கம் தொடங்கப்பட்டதிலும் தக்கரின் முயற்சியே முதன்மையானது. தாகோதில் அவருடன் உழைத்த லட்சுமிதாஸ் ஸ்ரீகாந்த், 1950-ஆம் ஆண்டு நாட்டின் முதலாவது பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆணையராக நியமிக்கப்பட்டார். அடுத்த சில வாரங்களில், 1951 ஜனவரி 20-ஆம் தேதி தமது 81-ஆவது வயதில் தக்கர் பாபா காலமானார்.

அவரது நூற்றாண்டையொட்டி 1969-ஆம் ஆண்டு அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது. மகாராஷ்டிர அரசின் பழங்குடிக் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டம் அவர் பெயரில் செயல்படுகிறது. சென்னை தியாகராய நகரில் ஏழை இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அளித்துவரும் நிறுவனத்தின் பெயர் தக்கர் பாபா வித்யாலயா. மும்பையில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடையே, காலணித் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழும் குடியிருப்பு ஒன்றும் தக்கர் பாபா காலனி என்றே அழைக்கப்படுகிறது.