பாஸ்க் நாட்டிலிருந்து முத்துக்குளித்துறைக்கு

டிசம்பர் 3-ஆம் நாள் புனித சவேரியார் திருநாள். சிவகாசியில் அச்சாகும் காலண்டர்களில் கையில் சிலுவையேந்தி நிற்கும் அவரை நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். அவர் போர்ச்சுகீசியர் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். இவ்வாண்டு மணப்பாட்டுக்குச் சுற்றுலா சென்று, அவர் தங்கிச் செபித்ததாகச் சொல்லப்படும் கடலோரக் குகையில் நின்றபோதுதான், அவர் பாஸ்க் இனத்தவர் என்று எங்கள் சிஸ்டர் சொன்னார்கள்.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையில் உள்ள பிரனீஸ் மலையை ஒட்டி வாழ்கிறவர்கள் பாஸ்க் மக்கள். அவர்கள் மொழிக்கு இன்றுவரை உறவுமொழி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள் அவர்களில் பலர். அமெரிக்காவின் நெவாடா, ஐடஹோ மாநிலங்களில் ஆடு மேய்த்துக் குடியேறியவர்கள் உண்டு. அவர்களுக்கு மூன்று நூற்றாண்டு முன்னரே, பிழைப்புக்காக அல்லாமல், ஒருவர் நம் பக்கம் வந்துவிட்டார்.

சவேரியார் 1506 ஏப்ரல் 7-ஆம் நாள் நவார் நாட்டுச் சேவியர் கோட்டையில் பிறந்தார். 1512-இல் அந்த நாடு காஸ்டிலியரிடம் வீழ்ந்தது. 1515-இல் தந்தை இறந்தார். மறு ஆண்டே கோட்டைக் கோபுரங்கள் இடிக்கப்பட்டன. பத்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான் அல்லவா? பாரிசில் படிக்கும்போது இன்னொரு பாஸ்க்காரரான இஞ்ஞாசியாரைச் சந்தித்தார். அவரோடு சேர்ந்து சேசு சபையைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். 1541-இல் தம் பிறந்தநாளன்றே லிஸ்பனில் கப்பலேறி, பதின்மூன்று மாதங்கள் கழித்துக் கோவாவில் இறங்கினார்.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் செபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைத் தூத்துக்குடியில் கூட்டி உட்கார்த்தி, செபங்களைத் தமிழாக்கச் செய்து மனப்பாடம் பண்ணினார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளை அழைத்தார். பிள்ளைகள் கற்றதை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை. விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் விழுந்திருந்தது. அது தெரிந்ததும், திருத்திச் சொல்லும்படி 1544-இல் தம் துணைவர் மன்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். பரீட்சைத் தாளில் சிவப்பு மைக்குப் பயப்படும் எங்களுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்திருந்தது.

அதே ஆண்டு வடுகர் படை தாக்கியதால், மக்கள் கன்னியாகுமரிக் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியால் வாடினார்கள். இருபது தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்காற்று விடவில்லை. திரும்பி வந்து, கரைவழியே நடந்து போனார். போர்ச்சுகீசிய அதிகாரிகள் மக்களை வருத்தியபோது அரசருக்கே எழுதினார். முத்துக்குளித்துறையிலிருந்து போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென ஆண்டுதோறும் 4000 பொற்பணம் போய்க்கொண்டிருந்தது. அதை உபதேசியார்களின் சம்பளத்துக்குக் கேட்டு வாங்கினார். எங்கள் வகுப்பில் எல்லோரும் சிரித்தது இந்த இடத்தில்தான். ஆனால் அந்தக் காசில்தான் ஊரூராகப் பிள்ளைகள் படித்தார்கள்.

பின்னர் மலாக்கா, மொலுக்கத் தீவுகள் சென்றார். 1549-இல் ஜப்பானில் கால் வைத்தார். சீனாவுக்குள் நுழைய வழி தேடி, சான்சியான் தீவில் ஒரு குடிசையில் 1552 டிசம்பர் 3-ஆம் நாள் காலமானார். வயது 46. 1622-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவரது உடல் கோவாவில் இருக்கிறது.

கடைசி நாட்களில் அவருடன் இருந்தவர் அந்தோனி என்ற சீன இளைஞர். காய்ச்சலில் சவேரியார் தமக்குப் புரியாத ஒரு மொழியில் பேசினார் என்று அவர் பிற்பாடு சொன்னார். அது தாய் மடியில் கற்ற பாஸ்க் மொழியாக இருக்கலாம் என்கிறார்கள். தமிழாக இருக்குமோ என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். சிஸ்டர் சிரித்துவிட்டு, பஸ் கிளம்ப நேரமாகிவிட்டது என்றார்கள்.