பனித்தளத்தில் நடனம்: ஜோன் கர்ரி

1949இல் பர்மிங்காமில் பிறந்த ஜோன் கர்ரி, சிறுவயதில் பலே நடனம் பயில ஆசைப்பட்டார். ஆண்பிள்ளைக்கு அது பொருந்தாது என்று தந்தை மறுத்தார். பனிச்சறுக்கு விளையாட்டுத்தானே என்று அதற்குச் சம்மதித்தார். மகனோ நடனத்தைப் பனித்தளத்துக்கே கொண்டுபோனார்.

ஆண்மை குறைந்த ஆட்டம் என்று நடுவர்கள் சிலர் முகம் சுளித்தனர். அமெரிக்கா சென்று கார்லோ ஃபாசியிடம் பயின்றார். 1976இல் ஐரோப்பியப் பட்டம், இன்ஸ்பிரக் ஒலிம்பிக் தங்கம், உலகப் பட்டம் மூன்றும் அவர் வசமாயின. அதே ஆண்டு, அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதைப் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. அவர் மறுக்கவில்லை. பின்னர் சொந்தக் குழு அமைத்து ஆடினார்.

எயிட்ஸ் நோயுற்றபின் தாயின் வீட்டுக்குத் திரும்பினார். 1994இல், 44 வயதில், மறைந்தார்.

பிள்ளைகளுக்குத் துறை தெரிவுசெய்யும் எம்மவர்கள் இந்த வாழ்க்கையையும் ஒருதரம் எண்ணிப் பார்க்கலாம்.